சைக்கிளில் வந்த மதர்

கிராமத்தின் கடைசி வீட்டைத் தாண்டியும் நான் திரும்பிப் பார்க்கவில்லை. பிரெஞ்சு அம்மாள் இரண்டு முறை திரும்பிப் பார்த்துக் கையசைத்தார். அவருக்கு அந்த இடம் பிடித்துப்போயிருந்தது. இருவரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தோம். காலை ஆறு மணி இருக்கும். முந்தைய நாள் மழையில் பாதை குழைந்து கிடந்தது. இரண்டு பக்கமும் வயல்களில் தண்ணீர் நிறைந்து நின்றது.

"ஏன் இவ்வளவு வேகமாக நடக்கிறாய்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

வெயில் ஏறுவதற்குள் பாலத்தைக் கடந்துவிடலாம் என்றேன். அது பொய். எட்டு மணி அடிப்பதற்குள் அந்தக் கிராமத்திலிருந்து எவ்வளவு தூரம் விலக முடியுமோ அவ்வளவு தூரம் விலகிவிட வேண்டும் என்று நடந்துகொண்டிருந்தேன். சட்டைப் பையை அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டேன். எத்தனை முறை தொட்டாலும் அது காலியாகத்தான் இருந்தது. என்னுடைய அடையாள அட்டை கிராமத் தலைவர் வீட்டில் இருந்தது.

யாங்கோனில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வெளியூர் பஸ் ஏறவும், பாலம் கடக்கவும், இன்னொருவர் வீட்டில் ஓர் இரவு படுக்கவும் அது வேண்டும். என் அப்பா அந்த மண்ணிலேயே பிறந்தவர். ஆனாலும் தமிழன் என்பதால் வெளிநாட்டான் என்று எழுதிய காகிதத்தோடுதான் செத்தார். நான் மூன்று வருடம் அலுவலகப் படிகளில் உட்கார்ந்து ஒரு முழு அட்டை வாங்கினேன். ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் என் பெயரில் வாங்கிய ஒரே சான்றிதழ் அது. அதை வைத்துக்கொண்டு மோல்மேன், மண்டலே, பக்கோக்கு என்று சுற்றினேன். எங்கும் மூன்று மாதத்துக்கு மேல் தங்கியதில்லை. அட்டை போய்விட்டால் கால் இரண்டும் போன மாதிரிதான்.

அது எப்படிப் போனது என்று சொல்கிறேன்.

வெள்ளைக்காரச் சுற்றுலாப் பயணிகள் மறுபடியும் கொஞ்சம் கொஞ்சமாக வரத் தொடங்கியிருந்த வருடங்கள் அவை. நான் அப்போது யாங்கோனில் பசுந்தாங் ஓடைக்கு அருகே ஒரு சைக்கிள் பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்துகொண்டிருந்தேன். ஒரு நாள் அறுபது வயது மதிக்கத்தக்க பிரெஞ்சு அம்மாள் ஒருவர் தன் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு வந்தார். பின்சக்கரத்தில் ஒரு கம்பி உடைந்திருந்தது. விமானத்தில் கூடவே ஏற்றிக்கொண்டு வந்த சைக்கிள் அது. அதன் சக்கரம் எங்கள் ஊர்ச் சைக்கிளின் எந்த அளவிலும் சேராது. நான் இரண்டு கம்பிகளை வெட்டி ஒன்றாக்கிப் பொருத்திக் கொடுத்தேன். ஓட்டிப் பார்த்துவிட்டு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் பழைய ஊர்களைப் பார்க்க வேண்டும், நீ கூட வருகிறாயா என்றார். வழிகாட்டி வேலைக்கு உரிமம் வேண்டும், என்னிடம் அது இல்லை. ஒரே நாள்தானே, சாயங்காலம் திரும்பிவிடலாம் என்று நினைத்தேன். முதலாளியும் கடைச் சைக்கிள் ஒன்றைக் கொடுத்து, "சுத்தறதுன்னா உனக்கு நான் சொல்லியா குடுக்கணும், போ" என்றார்.

தாகேதா வழியாகப் போய்த் தன்லின் பாலத்தை அடைந்தோம். பாலத்துச் சோதனை வாயிலில் இருந்தவன் என் அட்டையையும் அவர் பாஸ்போர்ட்டையும் பார்த்து ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு, "சாயங்காலத்துக்குள்ள இந்த அம்மா திரும்பிடணும்" என்றான். சரி என்றேன்.

தன்லினில் போர்ச்சுகீசியர் காலத்துத் தேவாலயம் ஒன்றின் சுவர்கள் மட்டும் கூரையில்லாமல் நிற்கின்றன. அம்மாள் அதற்குள் போய் ஒரு கல்லில் உட்கார்ந்து அரை மணி நேரம் பேசாமல் இருந்தார். பிறகு தன் ஊரைப் பற்றிச் சொன்னார். அங்கேயும் இதே வயதில் ஒரு கோயில் உண்டாம், கூரையோடு. அதன் சாவி ரொட்டிக்கடையில் இருக்குமாம். யார் கேட்டாலும் கொடுப்பார்களாம். சைக்கிளில் கிளம்பினால் கால்வாய் ஓரமாகவே நாள் முழுக்கப் போகலாம், இரண்டு பக்கமும் மரம். ஒவ்வொரு ஊரிலும் ஒரு கல்பாலம், ஒரு கிணறு, வீட்டு நிலையில் கட்டிய வருடம் செதுக்கியிருக்கும். களைத்துப்போனால் யாருடைய புல்வெளி ஓரத்திலாவது கூடாரம் அடித்துப் படுத்துக்கொள்வார். காலையில் சில சமயம் அந்த நிலத்துக்காரரே பால் கொண்டுவந்து தருவாராம்.

"யாரிடம் எழுதிக் கொடுப்பீர்கள்?" என்று கேட்டேன்.

"என்ன எழுத வேண்டும்?"

"இன்னார் இங்கே வந்து படுத்திருக்கிறார் என்று."

நான் வேடிக்கையாகப் பேசுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார். நான் வேடிக்கையாகக் கேட்கவில்லை.

அங்கிருந்து சௌத்தான் சாலையில் போகும்போது, தமிழ்க் குடும்பங்கள் கொஞ்சம் இருக்கும் ஒரு கிராமத்தருகே அவருடைய பின் டயர் பக்கவாட்டில் கிழிந்தது. அந்த அளவு டயர் யாங்கோனிலேயே கிடைக்காது, கிராமத்தில் எங்கே தேடுவது? வலை பின்னும் நைலான் நூல் வாங்கி, கிழிசலைச் செருப்புத் தைக்கிற மாதிரி தைத்து, பழைய டயர்த் துண்டு ஒன்றை உள்ளே வைத்தேன். அதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. மழை பிடித்துக்கொண்டு நிற்காது போல் பெய்தது. ஊர் ஊராக ஆள் ஏற்றிப்போகும் லைன் காரில் கடைசியும் போய்விட்டது.

நாங்கள் ஒதுங்கி நின்ற வீட்டுக்காரி ஐம்பது வயதுத் தமிழச்சி, விதவை, தையல் வேலை செய்கிறவர். அவருடைய அப்பா அந்தக் காலத்து மிஷன் பள்ளியில் குமாஸ்தாவாக இருந்தவர். சுவரில் இயேசுவின் திரு இருதயப் படம், அதன் கீழே ஒரு விளக்கு. பிரெஞ்சு அம்மாளைத் தலை முதல் கால் வரை பார்த்தார். ஒட்ட வெட்டிய நரைமுடி, சாம்பல் நிறப் பாவாடை, கழுத்தில் ஒரு சிறிய சிலுவை.

"தம்பி, கூட வீட்டுக்காரர் வரலியா?"

"இல்ல அக்கா. கல்யாணமே பண்ணிக்கல."

"காலையில எங்க இருந்தீங்க?"

"பழைய கோயில்ல. அரை மணி நேரம் கும்பிட்டுக்கிட்டு இருந்தாங்க" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. அம்மாள் உட்கார்ந்து மட்டும்தான் இருந்தார்.

அக்கா அவ்வளவுதான் கேட்டார். பிறகு தரையில் முழந்தாளிட்டு, "தோத்திரம் மதர்" என்றார்.

எங்கள் ஊர்க் கிறிஸ்தவர்கள் கன்னியாஸ்திரிகளை மதர் என்றுதான் கூப்பிடுவார்கள். மிஷன் பள்ளிகள் அரசாங்கத்திடம் கைமாறிய பிறகு அந்தக் கிராமத்துக்கு ஒரு வெள்ளைக்கார மதர் வந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. இப்போது ஒருவர் தாமாக, மழையில் நனைந்து, சைக்கிளில் வந்திருக்கிறார். பக்கத்து வீடுகளிலிருந்து குடை பிடித்துக்கொண்டு ஏழெட்டுப் பேர் வந்துவிட்டார்கள். ஒருத்தி ஆசீர்வதித்துத் தரச்சொல்லி எண்ணெய்க் கிண்ணத்தை நீட்டினாள். அம்மாள் என்னைப் பார்த்தார். "மரியாதை" என்று மட்டும் சொன்னேன். அவர் கிண்ணத்தைத் தொட்டுக் கொடுத்தார். செபமாலை சொல்ல எல்லோரும் உட்கார்ந்தபோது அவரும் உட்கார்ந்தார். சின்ன வயதில் கற்ற பாட்டு ஒன்று அவருக்கு நினைவு வந்து மெல்லப் பாடினார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் அப்போதாவது வாயைத் திறந்திருக்க வேண்டும். அடுப்பில் மீன் கொதிக்கும் வாசனை வந்தது, எனக்குப் பசி. நாளைக்குப் போகிறவர்கள்தானே என்று இருந்துவிட்டேன்.

வீட்டில் யாராவது வெளியாள் தங்கினால் பொழுது அடங்குவதற்குள் கிராமத் தலைவரிடம் போய் எழுதி வைக்க வேண்டும். கிராமத் தலைவரை உக்கடா என்பார்கள். விருந்தாளியின் அட்டையை அவர் வைத்துக்கொண்டு காலையில் தருவார். அக்கா என் அட்டையை வாங்கிக்கொண்டு குடையோடு போனார், திரும்பிவந்து "சொல்லிட்டேன்" என்றார். என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

காலையில் காப்பி கொடுக்கும்போதுதான் அவராகச் சொன்னார். "மதர் ஒருத்தவங்க பிரான்சுலேருந்து கோயில் பாக்க வந்திருக்காங்கன்னு எழுதிக்கிட்டாரு தம்பி. அவருக்கே ஆச்சரியம். எட்டு மணிக்கு மதரையும் கூட்டிக்கிட்டு வரச்சொன்னாரு, அப்பதான் உன் கார்டத் தருவாராம்."

காப்பியைக் கீழே வைத்துவிட்டேன். வெளிநாட்டுக்காரரை வீட்டில் தங்கவைப்பதே குற்றம். சுற்றுலா விசாவில் வந்த ஒருவர் மதப் பணிக்காகக் கிராமத்துக்குள் நுழைந்தார் என்று எழுத்திலும் இருந்தால், விசாரணை அக்காவின் கோயில்வரை போகும். உரிமம் இல்லாமல் கூட்டிவந்தவன் நான். அக்கா பன்றிகளுக்குத் தண்ணீர் வைக்கப் பின்பக்கம் போன நேரம் பார்த்து, அம்மாளைக் கிளப்பிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

இப்படித்தான் அந்தச் செம்மண் பாதையில் நடந்துகொண்டிருந்தோம். தைத்த டயர் ஆள் ஏறினால் தாங்காது, அதனால் நடை. அம்மாள் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். வயல்களைக் காட்டித் தன் ஊர்க் கோதுமையைப் பற்றிச் சொன்னார். எதிரே யார் சைக்கிளில் வந்தாலும் எனக்கு அது உக்கடா அனுப்பிய ஆளாகத் தெரிந்தது. ஒருவன் எங்களைத் தாண்டிப்போய், நின்று, திரும்பிப் பார்த்தான்.  வெள்ளைக்காரியை யாரும்தான் திரும்பிப் பார்ப்பார்கள்.

ஏழரை மணிக்குப் பாலத்துக்குப் போகும் பெரிய சாலைக்கு வந்து ஒரு டீக்கடையில் உட்கார்ந்தோம். அங்கிருந்து வாயில் தெரியும். ஒரு பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். வரிசையாக, அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து போனார்கள். பஸ் காலியாக அவர்கள் பின்னால் ஊர்ந்தது. ஒருவனைத் தனியாக நிறுத்தினார்கள். அவன் பையைக் கவிழ்த்து எதையோ தேடினான். பஸ் அவனை விட்டுவிட்டுப் போய்விட்டது.

அட்டை இல்லாமல் அந்தப் பக்கம் போக முடியாது. முதல் நாள் சாயங்காலமே திரும்பியிருக்க வேண்டிய அம்மாளின் பெயரும் அந்த நோட்டில் இருக்கிறது. பின்னால் போனால் உக்கடா. நான் டீயைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடியும் சட்டைப் பையைத் தொட்டேன்.

"உன் பையில் என்ன தொலைந்தது?" என்று அம்மாள் கேட்டார். "காலையிலிருந்து தொட்டுக்கொண்டே இருக்கிறாய்."

சொல்லிவிட்டேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எல்லாவற்றையும். அட்டை, எட்டு மணி, மதர். மதர் என்றதும் அவர் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அந்தப் பெண் எட்டு மணிக்கு என்ன செய்வாள்?" என்று கேட்டார்.

நான் அதை நினைக்காமல் இல்லை. நினைத்ததைத் தள்ளித் தள்ளி வைத்திருந்தேன். அவர் எழுந்து சைக்கிளைத் திருப்பிவிட்டார். நான் பின்னால் போனேன். தைரியத்தால் போனேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். வேறு வழி எதுவும் எனக்குத் தெரியவில்லை.

உக்கடா வீட்டு மரப்படியில் செருப்பைக் கழற்றும்போது கட்டைவிரல் வாரில் மாட்டிக்கொண்டது. உள்ளே அக்கா தரையில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தில் ஒரு வெளிச்சம், உடனே கோபம். மேசைமேல் நோட்டு. அதன்மேல் என் அட்டை. உக்கடா வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு பர்மியத்தில் பேசினார்.

"வந்துட்டாங்க பாரு. ஒரு கலா, ஒரு வெள்ளைக் கலா. ஓடிப்போயிட்டீங்கன்னு இந்த அம்மாவ ஒரு மணி நேரமா உக்கார வெச்சிருக்கேன்." கலா என்று இந்தியர்களான எங்களைக் கூப்பிடுவது அங்கே வழக்கம். வெள்ளைக்காரருக்கும் அதே சொல்தான், நிறத்தை மட்டும் சேர்த்துக்கொள்வார்கள்.

"டயர் பாக்கக் கொஞ்ச தூரம் போனோம் ஊலே" என்றேன். ஊலே என்றால் சித்தப்பா. எந்தப் பெரியவரையும் அப்படிக் கூப்பிடலாம்.

அவர் பாஸ்போர்ட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். "இதுல டூரிஸ்ட்னு இருக்கு. என் நோட்டுல மதர்னு இருக்கு. கேளு, மதரா இல்லையான்னு."

நான் கேட்டேன். அம்மாள் நேராக உக்கடாவைப் பார்த்துப் பதில் சொன்னார். நான்தான் அதைப் பர்மியமாக்க வேண்டும். வேறு எதையும் சொல்லியிருக்கலாம், அங்கே யாருக்கும் ஆங்கிலம் தெரியாது. ஆனால் எந்தப் பொய் யாரைக் காப்பாற்றும் என்று எனக்குக் கணக்குப் போட வரவில்லை.

"தபால்காரி, ஊலே. முப்பது வருஷம் சைக்கிள்ல கிராமம் கிராமமாக் கடுதாசி குடுத்தாங்களாம். இப்ப ஓய்வு."

"தபால்காரியா?" உக்கடா வெற்றிலைச் சாற்றை ஜன்னல் வழியே துப்பினார். பிறகு அக்கா பக்கம் திரும்பினார். "ஏம்மா, நேத்து தபால்காரிகிட்டயா ஊரே முழங்கால் போட்டுச்சு?"

வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. அவர் கையிலிருந்த செபமாலை மடிக்குள் போய்விட்டது.

"பொய்யா எழுதிக் குடுத்தா என்ன ஆகும்னு தெரியுமா உனக்கு?" உக்கடாவின் குரல் மாறியது. "மத்தியானம் இந்த நோட்டு டவுன்ஷிப் ஆபீசுக்குப் போவுது. பக்கத்துக்கெல்லாம் நம்பர் போட்டிருக்கு, கிழிக்க முடியாது. அங்க கேட்டா நான் என்ன சொல்றது?"

அப்போதுதான் கவனித்தேன், அவர் பாஸ்போர்ட்டை மூடுவதும் மறுபடியும் அதே பக்கத்தைத் திறப்பதுமாக இருந்தார். ஒரு வெளிநாட்டுக்காரி அவருடைய கிராமத்தில் படுத்து எழுந்திருக்கிறாள். அது அவர் கையெழுத்திலேயே இருக்கிறது. அதைப் பார்த்ததும் எனக்குப் பயம் குறையவில்லை, கூடியது. பயந்திருக்கும் அதிகாரி எதையும் செய்வான்.

"அக்கா மேல தப்பில்ல ஊலே" என்றேன். "மதர்னு நான்தான் சொன்னேன்."

நான் அப்படிச் சொல்லவே இல்லை. அக்கா சட்டென்று நிமிர்ந்து என்னைப் பார்த்தார். வாய் திறக்கப்போனார். "சும்மா இருங்க" என்று தமிழில் சொன்னேன்.

உக்கடா நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பேனாவை எடுத்து நோட்டில் எதையோ சேர்த்து எழுதினார். பிறகு என் அட்டையை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"வெள்ளைக்கார அம்மா இப்பவே லைன் கார்ல கிளம்பணும். என் ஆள் பாலம்வரைக்கும் கூடப் போய்ச் சொல்லுவான், டயர் கிழிஞ்சுச்சு, மழைன்னு. நீ இங்கயே இருக்கணும். மேல இருந்து கேட்டா, இதோ இவன்தான் கூட்டிட்டு வந்தான்னு காட்ட எனக்கு ஒரு ஆள் வேணும்."

"எவ்வளவு நாள் ஊலே?"

"அவங்க கேக்கற வரைக்கும்."

"கேக்கவே இல்லைன்னா?"

"அப்ப இன்னும் நல்லது" என்றார். எனக்கா அவருக்கா என்று சொல்லவில்லை.

லைன் கார் கூரையில் அம்மாளின் சைக்கிளையும் முதலாளியின் சைக்கிளையும் நானே கட்டினேன். அம்மாள் ஏறமாட்டேன் என்று அடம்பிடித்தார். நீங்கள் இங்கே இருந்தால் எனக்கு இன்னும் கஷ்டம் என்றேன், அது உண்மை. பசுந்தாங் கடையில் விஷயத்தைச் சொல்லச் சொன்னேன். அவருக்கு அழுகை வந்தது. அக்கா சின்னப் பொட்டலத்தில் வாழைப்பழமும் அவித்த முட்டையும் கட்டிக்கொண்டு வந்து கொடுத்துவிட்டு, சாலை என்றும் பாராமல் மறுபடியும் முழந்தாளிட்டார்.

"அக்கா, அவங்க மதர் இல்ல. கேட்டீங்கல்ல?"

"கேட்டேன், கேட்டேன். நேத்து பாடுனாங்கல்ல, அது போதும் எனக்கு" என்று எழுந்து பாவாடைச் சேற்றைத் தட்டினார். கார் மறைந்த பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ காலையில என்னை விட்டுட்டு ஓடினே. அதையும் மறக்க மாட்டேன். வா, சாப்பிடு."

அன்று முழுக்க அவர் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். பாதையில் மணிச் சத்தம் கேட்டாலே எழுந்து நின்றேன். யாரும் வரவில்லை. பொழுது சாய்வதற்குள் அக்கா மறுபடியும் குடையோடு போய் என்னை எழுதிவைத்துவிட்டு வந்தார். இந்த முறை கொடுக்க அட்டை இல்லை.

மறுநாள் காலை சாலை முக்குக்குப் போனேன். அங்கே சைக்கா நிற்கும். சைக்கிளுக்கு வலப்பக்கம் முதுகோடு முதுகாக இரண்டு இருக்கை வைத்த வண்டி. நாலு வண்டி வைத்திருந்த ஒருவர் டீக்கடையில் இருந்தார். ஓட்ட ஆள் வேண்டுமா என்று கேட்டேன்.

"முன்ன ஓட்டியிருக்கியா?"

"சைக்கிள் ரிப்பேர் தெரியும். ஓட்டப் பழகிக்கிறேன்."

"வண்டியத் தூக்கிட்டுப் போயிட்டா?"

"கார்டு உக்கடாகிட்ட இருக்கு."

"ஓ, அந்தத் தபால்காரி ஆளா நீ" என்று சிரித்தார். அந்தப் பக்கத்துக் கிராமங்கள் எல்லாவற்றுக்கும் அதற்குள் தெரிந்துவிட்டிருந்தது. வண்டிப் பூட்டின் சாவியை மேசைமேல் வைத்தார்.

வண்டி வலப்பக்கமே இழுத்தது. முதல் நூறு அடியில் இரண்டு முறை பள்ளத்தில் இறக்கிவிட்டேன். வாத்துக் கூடையோடு நின்றிருந்த ஒரு பர்மியப் பெண் கையைக் காட்டினாள். ஏறி, பின்பக்கம் பார்த்த இருக்கையில் உட்கார்ந்து, கூடையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"பாலம்வரைக்கும் போவியா?"

"அங்க மட்டும் போகமாட்டேன்" என்றேன். "இந்தப் பக்கம் எந்தக் கிராமம்னாலும் சொல்லுங்க."

அவள் ஒரு கிராமத்தின் பெயரைச் சொன்னாள். அங்கே போக உக்கடா வீட்டைத் தாண்டியாக வேண்டும். தலையைக் குனிந்துகொண்டு மிதித்தேன்.